சவுண்டு கார்டை யார் பிடித்துக்கொள்வது

லினக்ஸில் சொந்தமாக ஒரு டிஸ்ட்ரோ பண்ணப் போகிறோம் என்று வீட்டில் சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதுக்கு ஷட்டர் வெச்ச கடை வேணுமா?" வேண்டாம் என்றேன். "அப்ப அது வியாபாரம் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். விளக்க வாயெடுத்த என்னை அம்மா கண்ணாலேயே அடக்கினாள்.

உங்களுக்காவது விளக்கிவிடுகிறேன். லினக்ஸ் என்பது கணினியை ஓட்டும் அடிப்படை. அது யாருடைய தனிச் சொத்தும் இல்லை, யாரும் எடுத்துக்கொள்ளலாம். அதை எடுத்து, ஒரு வேலைக்குத் தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, அவை ஒன்றோடொன்று சண்டை போடாதபடி இணக்கி, ஒரு பென் டிரைவில் அடக்கி, பழைய கணினியில் செருகினாலும் ஓடும்படி கொடுத்தால் அதுதான் டிஸ்ட்ரோ. எங்களுடையது ஒலிப்பதிவுக்கும் வீடியோ எடிட்டிங்குக்குமானது. காஞ்சிபுரத்தைச் சுற்றிக் கல்யாண மண்டபங்களுக்குக் குறைவில்லை, கல்யாண வீடியோ கடைகளுக்கும் குறைவில்லை. எல்லாக் கடையிலும் திருட்டு மென்பொருள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் பார்த்து அது மண்டையைப் போடும். இலவசமாக, சுத்தமாக, வேகமாக ஒன்றைக் கொடுத்தால் ஊரே நம் பக்கம் வந்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். நல்ல பொருளைப் பார்த்தால் மனிதர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிற வயது.

நாங்கள் இரண்டு பேர். கூட்டாளி என்னோடு கல்லூரியில் படித்தவன். அவன் குடும்பத்துக்குக் காந்தி ரோட்டில் பட்டுக்கடை. கடைக்கு மேலே புடவைப் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறையில் ஏ.சி. எப்போதும் ஓடும். பட்டுக்காகப் போட்ட அந்தக் குளிரில்தான் எங்கள் சர்வரும் இருந்தது. அறை அவனுடையது, சர்வர் அவனுடையது. அதைவிட முக்கியமாக, சாவி அவனுடையது. ஒரு டிஸ்ட்ரோவிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு ரகசியச் சாவியால் முத்திரை போடப்பட்டுத்தான் போகும். முத்திரை இல்லாததை எந்தக் கணினியும் ஏற்காது. நான் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் போகவர மடியில் லேப்டாப்பை வைத்து எழுதியதெல்லாம் அவன் முத்திரை குத்தினால்தான் உண்டு.

அவன் கெட்டிக்காரன். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமில்லை. என் நிரலைப் பார்த்துவிட்டு, சோதித்துப் பார்ப்பவர்கள் எல்லோரும் இருக்கும் அரட்டைக் குழுவில், "பாதி படிச்சேன். போய் முகம் கழுவிட்டு வந்து மீதியப் படிக்கிறேன்" என்று எழுதுவான். நான் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுத் திருத்துவேன். திருத்திய பிறகு அது நன்றாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

அவனுக்கு ஒரே வெறி, தாமதம். மைக்கில் விழுந்த ஒலி கணினிக்குள் போய், பக்குவப்பட்டு, காதில் வந்து விழ ஒரு சிறு நேரம் ஆகும். அதைக் குறைக்கக் குறைக்க டிஸ்ட்ரோவுக்கு மதிப்பு. ரொம்ப இறுக்கினால் ஒலியில் பட்பட்டென்று வெட்டு விழும். வெட்டு விழாமல் எவ்வளவு இறுக்க முடியும் என்பதுதான் பந்தயம். வெளிநாட்டில் ஒருவர் இப்படிப்பட்ட டிஸ்ட்ரோக்களைச் சோதித்துத் தரவரிசை போடுகிறார். அந்த வரிசையில் நம் பெயர் வர வேண்டும், அதுவும் மேலே வர வேண்டும் என்று கூட்டாளி சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்தான்.

உண்மையான வேலைக்கு எங்கள் டிஸ்ட்ரோவைப் பயன்படுத்தியவர் உலகத்திலேயே ஒரே ஒருவர். ஐயம்பேட்டையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு வீடியோ கடை. கடைக்காரருக்கு ஒரு தம்பி. கல்யாணங்களில் மைக் ஒலிகளைக் கலப்பதும், பிறகு கடையில் உட்கார்ந்து வீடியோவுக்கு ஒலி சேர்ப்பதும் தம்பியின் வேலை. அவரை மிக்ஸிங்காரர் என்றே சொல்கிறேன். அவருக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. எம்.ஏ. வரலாறு முடித்தவர். நாக்கில் சவரக்கத்தி வைத்திருப்பார்.

பார்வையில்லாதவர்கள் கணினியைப் பயன்படுத்தத் திரைவாசிப்பான் என்று ஒன்று உண்டு. திரையில் இருப்பதை ஓர் இயந்திரக் குரல் படித்துச் சொல்லும். மிக்ஸிங்காரர் அதைத் தாறுமாறான வேகத்தில் வைத்திருப்பார். நமக்கு அது வண்டு ரீங்காரம். அவர் அதிலேயே கடிதம் படிப்பார், செய்தி படிப்பார், மைக் ஒவ்வொன்றின் அளவையும் கேட்டு ஏற்றி இறக்குவார். சுட்டியைத் தொடவே மாட்டார். எல்லாம் கட்டளையாகத் தட்டச்சு செய்வதுதான். முன்பு அவரிடமிருந்த திருட்டு விண்டோஸில் குரல் அடிக்கடி செத்துப்போகும். எங்கள் டிஸ்ட்ரோவில் சாகவில்லை. அதனால்தான் வைத்துக்கொண்டார், எங்கள்மேல் பாசத்தினால் அல்ல. சோதனைப் பதிப்புகள் எல்லாம் அவர் கணினிக்குத்தான் முதலில் போகும். காலையில் பஸ் ஏறும்போது அவரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்திருக்கும்.

"டேய், நேத்து இன்னா அனுப்ச்ச? எடிட்டர தொறந்தா மூடிக்குது. உன் ஃப்ரெண்டு புடவ மடிக்கப் போனானா?"

கடைக்காரருக்குத் தம்பியைப் பற்றி ஓயாத வேடிக்கை. வாடிக்கையாளர் முன்னாலேயே, "நம்ம தம்பிக்கு வீடியோல வீடியோ தவிர எல்லாம் தெரியும்" என்பார். அவரும் சிரிப்பார், வந்தவர்களும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பார், பற்கள் தெரிய. சம்பளம் என்று தனியாக இல்லை. ஒரே வீடு, ஒரே சோறு என்று கணக்கு முடிந்தது. தம்பிக்கு வேண்டியதெல்லாம் அந்த நாற்காலி. மற்ற நாற்காலியெல்லாம் ஆள்மாறும் கடையில் இது என் இடம், இதில் வேறு யாரும் உட்காரக்கூடாது என்று ஒரு முறையாவது அண்ணன் வாயால் வர வேண்டும். இதை அவர் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. ஆனால் வேறு யாராவது அதில் உட்கார்ந்து எழுந்திருந்தால், உட்கார்ந்தவுடன் கண்டுபிடித்து, யார் என்று விசாரித்து, அவனை ஒரு வாரம் வைதுகொண்டிருப்பார்.

பிரச்சினை சவுண்டு கார்டில் வந்தது. அவர் கணினியின் சொந்த ஒலித்துளை மின்னல் விழுந்த அன்று கருகிவிட்டது. வெளியே மாட்டுகிற ஒரு சவுண்டு கார்டுப் பெட்டிதான் மிச்சம். மைக்குகள் அதில்தான் வரும், திரைவாசிப்பான் குரலும் அதன் வழியாகத்தான் அவர் காதுக்குப் போகும். கூட்டாளி புதிய பதிப்பில் ஒரு மாற்றம் கொண்டுவந்தான். பதிவு தொடங்கியதும் பதிவு மென்பொருள் சவுண்டு கார்டை முழுதாகப் பிடித்துக்கொள்ளும். வேறு எதையும் கிட்டே விடாது. இடையில் ஆளில்லாததால் தாமதம் சரசரவென்று இறங்கியது. அவன் ஆட்டம் போட்டான்.

எனக்கு உடனே உறைத்தது. பதிவு தொடங்கினால் மிக்ஸிங்காரரின் குரல் நின்றுவிடும். பேசிக்கொண்டிருக்கிற கணினி, அவருக்கு அது மிகவும் தேவைப்படும் அந்த நொடியில் ஊமையாகிவிடும். குழுவில் எழுதினேன். இரண்டும் கார்டைப் பகிர்ந்துகொள்ளும்படி ஒரு வழியும் எழுதிக் காட்டினேன். தாமதம் கொஞ்சம் கூடும், கல்யாண வீடியோவில் எந்தக் காதுக்கும் தெரியாத அளவு. கூட்டாளி மறுத்தான். தரவரிசைக்காரர் இந்தப் பதிப்பைத்தான் சோதிக்கப் போகிறார் என்றான். சோதித்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே, அதுவரை மிக்ஸிங்காரர் கணினிக்கு மட்டும் அனுப்பாமல் இரு என்றேன். அவன் தமிழில், எழுத்துப் பிழையில்லாமல் எழுதினான்:

"ஒரு குருடனுக்காக மொத்த சிஸ்டத்தையும் நொண்டியாக்கணுமா?"

அந்தக் குழுவில் மிக்ஸிங்காரரும் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரியும்.

அப்போது நான் ஐயம்பேட்டைக் கடையில்தான் இருந்தேன், அவருக்குப் பக்கத்தில். கல்யாண ஆல்பம் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. ஸ்பீக்கரில் அவர் கணினி வழக்கம்போல ரீங்கரித்தது. அவர் விரல் நின்றது. கடைக்காரர், "இன்னாடா சொல்லுது?" என்று சும்மா கேட்டார். மிக்ஸிங்காரர் குரலின் வேகத்தைக் குறைத்தார், ஒலியைக் கூட்டினார், மறுபடி ஓட விட்டார். அந்த இயந்திரக் குரலுக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. ஒவ்வொரு சொல்லையும் தட்டில் எடுத்து வைப்பதுபோல வைத்தது. ஒரு. குருடனுக்காக. மொத்த. சிஸ்டத்தையும்.

ஆல்பம் பார்த்த குடும்பம் தலையைக் குனிந்துகொண்டது. கடைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "படிச்ச புள்ளைங்களே சொல்லுதுங்கபா. நான் சொன்னா மட்டும் வீட்ல சண்ட." பிறகு உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து, "கண்ணு தெரியாதவன வெச்சிக்கினா புண்ணியம்ன்றாங்க. புண்ணியம் வந்து கேமரா பேட்டரி சார்ஜ் போடுமா?" என்றார்.

மிக்ஸிங்காரர் நாற்காலியைத் திருப்பினார். "அடுத்த லைவ் நான் தனியா பண்றேன். ஆளே வேணாம்."

"பண்ணுவ?"

"பண்ணுவேன்."

கடைக்காரருக்கு அந்த விளையாட்டு பிடித்துவிட்டது. மாகறலிலிருந்து ஒரு பார்ட்டி. பெண்ணின் அப்பா. மாப்பிள்ளையின் சொந்தம் பாதி வெளிநாட்டில், அதனால் முகூர்த்தம் முழுக்க நேரலை. "யாரும் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்கக் கூடாது. ஒழுங்கா முடிச்சிட்டினா அந்தச் சீட்டு ஒனக்குத்தான், நானே எல்லார் முன்னாலயும் சொல்றேன். சொதப்பினியா, மெட்ராஸ்லேர்ந்து கண்ணு தெரிஞ்சவன் ஒருத்தன எறக்கிடுவேன். நீ வீட்ல ஒக்காந்து பாட்டு கேளு."

அன்று மாலையே நான் காந்தி ரோட்டு மாடிக்குப் போய்க் கூட்டாளியிடம் நேரில் பேசினேன். மிக்ஸிங்காரரின் நாற்காலியே இதில்தான் அடங்கியிருக்கிறது என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சரி, கல்யாணம் முடியட்டும், அதுவரை அனுப்ப மாட்டேன் என்றான். நம்பினேன். பிறகு தரவரிசைக்காரர், உங்கள் சோதனைப் பதிப்பில் இந்த மாற்றத்தைக் காணோமே என்று அவனுக்கு ஒரு வரி எழுதியிருக்கிறார். அவன் முத்திரை குத்தி அனுப்பிவிட்டான். கல்யாணத்துக்கு முதல் நாள். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நான் கத்துவேன் என்று அவனுக்குத் தெரியும்.

முகூர்த்தம் காஞ்சிபுரத்தில் ஒரு மண்டபத்தில். நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். தூரத்தில், சாப்பாட்டுக் கூடத்துக் கதவருகே நின்றுகொண்டேன். மேடைக்குப் பக்கவாட்டில் மிக்ஸிங்காரர் கணினியோடு உட்கார்ந்திருந்தார். வெளுத்த சட்டை, விபூதி. ஹெட்போனில் ஒரு காதில் மண்டப ஒலி, இன்னொரு காதில் திரைவாசிப்பான் குரல். ஐயர் வேட்டி மடிப்பில் செருகிய மைக், நாயனத்துக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று, மேடையில் பொதுவாக ஒன்று. நிச்சயமாகச் சொல்கிறேன், காலை முழுக்க அவர் கலந்த ஒலியைப் போல நான் எந்தக் கல்யாணத்திலும் கேட்டதில்லை. மந்திரம் வரும்போது நாயனம் அடங்கும், நாயனம் எழும்போது ஐயர் காணாமல் போவார். போனில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கூட்டாளியின் தாமத எண்களையெல்லாம் இந்த விரல்களுக்குக் காணிக்கை கொடுக்கலாம் என்று தோன்றியது.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கணினி அணைந்தது. அவர் நிதானமாக மறுபடி போட்டார். அணைந்து எழும்போதுதான் புதிய மாற்றங்கள் நடைமுறைக்கு வரும். காலையில் நேரலைக்காக இணையத்தில் மாட்டியதும் தானாக இறங்கிக் காத்துக்கொண்டிருந்த கூட்டாளியின் பதிப்பு அப்போது எழுந்தது.

பதிவைத் தொடங்கினார். அவர் முகம் மாறியதை நான் கதவிலிருந்தே பார்த்தேன். இடது காது ஹெட்போனை ஒரு விரலால் தட்டினார். இன்னொரு முறை தட்டினார். பிறகு கட்டளைகளை அடிக்கத் தொடங்கினார். எதற்கும் பதில் இல்லை. ஓர் எழுத்து தவறினாலும் அடுத்து அடிப்பதெல்லாம் வேறு ஏதோ ஆகிவிடும். தவறியதா என்பதைச் சொல்ல ஆளில்லை. தாலி கட்டும் நேரம் நெருங்கியது. கெட்டிமேளம் சொல்லும்போது ஐயர் மைக்கை அடக்கி நாயனத்தை ஏற்ற வேண்டும். மண்டபமே மேளத்தில் அதிர, ஏற்றிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் நேரலையில் நாயனம் அடங்கியது, ஐயர் மைக் முழுதாகத் திறந்தது.

அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் கேமராக்காரனிடம் பேச ஐயர் பக்கமாகக் குனிந்தார். அவர் சொன்னது வெளிநாட்டுச் சொந்தங்கள் அத்தனை பேர் வீட்டிலும் தாலிக்குப் பின்னணியாகக் கேட்டது.

"பொண்ணோட அப்பன க்ளோசப் போடாத. மூஞ்சியப் பாரு, நேத்து மீந்த சோறு மாதிரி. பிசினாறிப் பார்ட்டி."

நான் ஓடினேன். யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்ற விதியெல்லாம் பார்க்கத் தோன்றவில்லை. அவர் பக்கத்தில் குனிந்து, குரல் போச்சுண்ணா, அவன் அனுப்பிட்டான் என்றேன். அவர் என் கையைப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. "கைய வெக்காத. திரைல இன்னா இருக்குதுன்னு மட்டும் படி."

படித்தேன். மைக் பெயர், அளவு, அடுத்த மைக் பெயர், அளவு. எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக. அவர் விரல்கள் ஓடின. நாயனம் திரும்ப எழுந்தது. அட்சதை விழுந்து முடியும்வரை அவருக்கு நான்தான் அந்தக் குரல். நிமிர்ந்து பார்த்தபோது கடைக்காரர் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார், போனைக் கையில் பிடித்தபடி. அதில் மாப்பிள்ளையின் சித்தப்பா கத்திக்கொண்டிருந்தார். தம்பியை விட்டுவிட்டுக் கடைக்காரர் என்னிடம் கேட்டார். "நீ படிக்கிற, அவன் தட்றான். அப்ப நீயே தட்டிட்டா அவன் எதுக்குபா?"

மிக்ஸிங்காரர் ஹெட்போனைக் கழற்றிச் சுருட்டி, பையில் வைத்து, ஜிப்பை இழுத்து மூடினார்.

அந்த நேரலையின் பதிவைக் கடைக்காரர் அன்றே தன் கையால் இணையத்திலிருந்து நீக்கினார். யார் கேட்டாலும், டெக்னிக்கல் ஃபால்ட் என்றார். மிக்ஸிங்காரர் எங்கள் தளத்தில் ஒரு பிழைக்குறிப்பு எழுதினார். பதிவு தொடங்கினால் திரைவாசிப்பான் நிற்கிறது, அவ்வளவுதான். வசவு இல்லை, கேலி இல்லை. கூட்டாளி அதை மூடினான். மூடும்போது காரணம் குறிப்பிட வேண்டும். 'எதிர்பார்த்தபடியே இயங்குகிறது' என்று குறிப்பிட்டான். தரவரிசையில் நாங்கள் நல்ல இடத்தில் வந்தோம். அவன் எனக்கு அதைப் படமெடுத்து அனுப்பினான். நான் குழுவிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் பிரதியெடுத்து, சொந்தமாக ஒரு சாவி உண்டாக்கி, கார்டைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தனிக்கிளையைக் கட்டினேன். "ஒரே ஆளுக்கு ஒரு டிஸ்ட்ரோ. வாழ்த்துகள்" என்று கூட்டாளி எழுதியிருந்தான்.

அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஐயம்பேட்டைக்குப் போன அன்று கடைக்காரர் எனக்காகவே காத்திருந்தவர்போல இருந்தார். மெட்ராஸ் ஆள் மறுநாள் வருகிறான், விண்டோஸ்தான் வேண்டுமாம், இதிலிருப்பதைத் துடைத்து எடுத்துவிடு என்றார். மிக்ஸிங்காரர் அந்த நாற்காலியில் கடைசித் தடவை என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டி என் பென் டிரைவை வாங்கினார். அதிலிருந்து கணினியை எழுப்பினார். குரல் வந்தது.

"நானே தொடைக்கிறேன்" என்றார். "ரெண்டு டிஸ்க் இருக்குது. ரெண்டுமா?"

"எத்தினி இருந்தா எனக்கென்ன? சுத்தமா எடு."

இரண்டாவது வட்டில்தான் அந்தப் பருவத்தின் கல்யாணங்கள் இருந்தன. கேமரா கார்டுகளை அடுத்த கல்யாணத்துக்கு அழித்துப் பயன்படுத்துவதால் எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டி வைப்பார்கள். மாகறல் கல்யாணமும் அதில் இருந்தது. நான் வாய்விட்டே சொன்னேன், ரெண்டாவதுல ஃபுட்டேஜ் இருக்குதுண்ணா என்று. கடைக்காரர் போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டே என் பக்கம் கையை வீசினார். "நீ பாடம் நடத்தாத. அவன் கை வெச்ச எதுவும் அதுல இருக்கக் கூடாது."

"எல்லாமேவா?" என்றார் தம்பி.

"எல்லாமேடா."

இப்போதைய வட்டுகளில் ஒரு கட்டளை உண்டு. பழைய சுழலும் வட்டைப் போல மணிக்கணக்கில் துடைக்க வேண்டியதில்லை. உன்னிடம் ஒன்றுமே இல்லை என்று சொன்னால், வட்டு அதை நம்பி, அந்தக் கணத்திலேயே மறந்துவிடும். பிறகு எவன் தோண்டினாலும் பூஜ்ஜியம்தான் வரும். அவர் அதை இரண்டு முறை அடித்தார், ஒவ்வொரு வட்டுக்கும் ஒன்று. முடிந்தது, முடிந்தது என்று குரல் இரண்டு முறை சொன்னது. பென் டிரைவை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரைத் தடவியபடி வெளியே போய்ச் செருப்பை மாட்டினார்.

மறுநாள் சாயங்காலம் கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். அவர் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மெட்ராஸ் ஆள் வந்தானாம், விண்டோஸ் போட்டானாம், ஃபுட்டேஜ் எங்கே என்று கேட்டானாம். இல்லாத ஃபுட்டேஜில் வேலை செய்ய முடியாது என்று போய்விட்டானாம். மாகறல்காரர் வீடியோ கேட்டு வாசலில் நிற்கிறாராம். திரும்ப எடுக்க முடியுமா என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "அவன் கிட்ட கேளுபா. எடுத்துக் குடுத்துட்டான்னா சீட்டு அவனுக்குத்தான். யாரையும் ஒக்கார வெக்க மாட்டேன்" என்றார்.

அதே வீட்டு மாடியில் இருக்கும் தம்பியிடம் கேட்க அவருக்கு நான் வேண்டியிருந்தது. போனேன். மிக்ஸிங்காரர் படுத்துக்கொண்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"சீட்டு குடுக்கறேன்னானா? அவன் வாயால?"

"ஆமாண்ணா."

"எடுத்துடலாம்னு சொல்லு. நாளாவும்னு சொல்லு."

"ணா, அதுல ஒண்ணுமே இல்ல."

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்று ரேடியோவை அணைத்தார். "அவனுக்கு இன்னா தெரியும்?"

இப்போது அந்த நாற்காலி அவருடையது. கணினியில் என் டிஸ்ட்ரோ ஓடுகிறது, உலகத்தில் அந்த ஒரே இடத்தில். புதிய கல்யாணங்களின் ஒலியையும் அவர்தான் கலக்கிறார். குரல் ஒருமுறைகூட நின்றதில்லை. மற்ற நேரத்தில், ஃபுட்டேஜை மீட்பதாகச் சொல்லி, இரண்டாவது வட்டை முதல் இடத்திலிருந்து படிக்க விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் டீ வாங்கி வந்து அவர் கைக்கு எட்டும்படி வைக்கிறார். ஃபேனை அவர் பக்கம் திருப்புகிறார். வாடிக்கையாளரிடம், சத்தம் போடாதீங்க, தம்பி வேலையா இருக்கான் என்கிறார். போன வாரம் போயிருந்தபோது ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன். பூஜ்ஜியம் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று குரல் அந்தப் பேய் வேகத்தில் படித்துக்கொண்டிருந்தது. "வெட்டே விழலல்ல?" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

மாகறல்காரர் உள்ளே வந்தார். வாரம் ஒருமுறை வருகிறாராம். மகள் வெளிநாடு போய்விட்டாள், அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். கடைக்காரர் அவருக்கு நாற்காலி போட்டார், முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

மிக்ஸிங்காரர் என் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, மாகறல்காரர் பேசிய பக்கம் நீட்டினார். "வந்துக்கினு இருக்குதுபா. நீங்களே கேளுங்க."

அவர் துண்டை மடியில் வைத்துவிட்டு ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார்.

"நாயனம் மாதிரி கேக்குது" என்றார்.

"அதேதான்" என்றார் மிக்ஸிங்காரர்.